ஓப்பா என்றால் அண்ணன்

ஜூன் 2, ஞாயிறு

ஜிப் கம்பெனிக்காரர்கள் கடைக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. சமையல் குறிப்பு எழுதலாம் என்று எடுத்தேன். கொள்ளுப் பருப்பு வைப்பது எப்படி என்று எனக்கு நானே எழுதிக்கொள்வதில் என்ன இருக்கிறது. அதனால் வயிற்றெரிச்சலை எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் குழந்தைவேலு பனியன் கம்பெனிகளுக்குப் பட்டனும் ஜிப்பும் விற்கிறார். அது ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் சினிமா அறிஞர். ஒரு டியூஷன் சென்டரின் மாடிக் கூடத்தில் நண்பர்களோடு திரை வட்டம் நடத்துகிறார். இந்த முறை மூன்று மாதத்துக்கு ஜப்பானியப் படங்களும் கொரியப் படங்களும் மட்டும், அதுவும் புதிதாக வந்தவை. மனதைப் பிசைகிற குடும்பக் கதையிலிருந்து கூரையில் ரத்தம் தெறிக்கிற பேய்ப் படம் வரைக்கும் உண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. அவருடைய வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மகள் சேலத்துக்கு ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ரசம் ஊத்து, மோட்டார் போட்டியா, கதவைச் சாத்து. அவர் என்னிடம் பேசுவது இவ்வளவுதான். மாடியில் மைக்கைப் பிடித்தால் ஒரு மணி நேரம் பேசுவாராம். கேட்டவர்கள் சொல்கிறார்கள்.

ஜூன் 9, ஞாயிறு

முதல் படம் முடிந்து வந்தார். முகத்தில் வெளிச்சம். நான் கேட்காமலே பேச ஆரம்பித்துவிட்டார்.

கீழே ஓடிய இங்கிலீஷ் எழுத்தைப் பாதிப் பேருக்குப் படிக்க முடியவில்லையாம். ஒரு கட்டிங் மாஸ்டர் எழுந்து, "அந்த எழுத்தை எட்டிப் புடிக்கறதுக்குள்ள ஆளைக் கொன்னு பொதச்சே போட்டாங்க சார்" என்றாராம். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் வந்து மைக்கை வாங்கி, படம் முழுக்கத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாளாம். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் பனியன் வாங்கித் தரும் பையிங் ஆபீஸில் வேலை. கொரியன் படித்தவள். பெயர் மிருதுளா.

ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் ஒரு மிருதுளா வந்தாள். இனி எல்லாப் படத்துக்கும் தமிழ் வரிகளை முன்கூட்டியே எழுதிவிடப் போகிறார்களாம். எழுதுகிற இடம் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை. அதைக் கை கழுவும்போது சொன்னார்.

ஜூன் 13, வியாழன்

வந்தாள். இருபத்தேழு வயது இருக்கும். பருத்திக் குர்த்தா, கழுத்தில் ஒன்றும் இல்லை, சிரித்தால் கண் மூடிக்கொள்கிறது. லேப்டாப்பை விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். காட்சியை ஓட்டுவது, நிறுத்துவது, அவள் அர்த்தம் சொல்வது, அவர் தமிழ் சொல்வது, அவள் அதைத் தட்டுவது. வரி நீளமாக இருந்தால் படிப்பதற்குள் ஓடிவிடும் என்று இரண்டு பேரும் சேர்ந்து வெட்டுகிறார்கள். என் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கக்கூட இவர் இவ்வளவு பொறுமையாக உட்காரவில்லை.

விளிம்பு உடைந்த கப்பில் அவளுக்கு டீ கொடுத்தேன். கைதவறிக் கொடுத்தது இல்லை.

என்னை அக்கா என்கிறாள். அவரை அண்ணா என்கிறாள். இது என்ன முறை என்று எனக்குப் புரியவில்லை. நான் அக்கா என்றால் அவர் அவளுக்கு மாமா ஆகிறார். அவர் அண்ணா என்றால் நான் அண்ணி ஆக வேண்டும். இரண்டில் ஒன்றை அவள் முடிவு செய்யட்டும். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அவரை மாமா என்று கூப்பிடுகிறவள் நான் ஒருத்திதான். எங்கள் பக்கம் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவது. அது அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 16, ஞாயிறு

நானும் வருகிறேன் என்றேன். "உனக்கு ரத்தம்னா ஆகாதே" என்றார். கோழி அறுக்கிற இடத்தில் நிற்க மாட்டேன், உண்மைதான். இருந்தாலும் போனேன்.

கொரியப் படம். சலவைக்கடை நடத்தும் ஒரு அம்மா. அவளுடைய பெண்ணைக் கொன்றவன் யாரென்று ஊருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். அவன் வாரா வாரம் சட்டை கொண்டுவந்து போடுகிறான். அவளும் துவைத்து, தேய்த்து, மடித்துக் கொடுக்கிறாள். அவ்வளவுதான் கதை. எப்போது என்ன செய்வாள் என்று எனக்கு முதுகெல்லாம் வியர்த்தது. கடைசியில் அவன் போட்டிருக்கும் சட்டையின் காலர் பட்டனை அவளே போட்டுவிடுகிறாள். அதற்கு மேல் காட்டவில்லை.

படம் முடிந்ததும் அவர் மைக்கில் பேசினார். நன்றாகத்தான் பேசினார். ஆனால் கூட்டத்தைப் பார்த்துப் பேசவில்லை. மூன்றாவது வரிசை ஓரத்தைப் பார்த்துப் பேசினார்.

அந்தச் சலவைக்கடை அம்மாவை எனக்குப் பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 20, வியாழன்

வந்தாள். வெங்காய பஜ்ஜி. அவள் ஆறு தின்றாள், எடை ஏறாத உடம்பு.

ஜூன் 27, வியாழன்

இன்றைக்குப் புதிதாக ஒன்று. அடுப்படியில் இருந்தேன். "ஓப்பா, இந்த வரி ரொம்ப நீளமுங்க" என்று அவள் குரல். யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவரைத்தான் அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் முகத்தில் கூச்சம். இருபத்து மூன்று வருஷத்தில் நான் பார்க்காத கூச்சம்.

அவள் போனதும் கேட்டேன். "ஓப்பான்னா கொரியாவுல அண்ணன்னு அர்த்தம் அம்மிணி. பொண்ணுங்க அண்ணனை அப்படித்தான் கூப்புடுவாங்க" என்றார். பஸ் கண்டக்டர் முதல் பால்காரர் வரை எல்லோரையும் அண்ணா என்றே கூப்பிட்டு அவளுக்குச் சலித்துவிட்டதாம், அதனால் விளையாட்டாகச் சொல்கிறாளாம்.

மனசு லேசாகிவிட்டது. அண்ணன் தானே. நான்தான் கண்டதையும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ராத்திரிக்குக் கேசரி கிண்டினேன், முந்திரியை அள்ளிப் போட்டு.

ஜூலை 7, ஞாயிறு

கேசரி கிண்டிய கையை வெட்ட வேண்டும்.

இன்றைய கொரியப் படத்தில் ஒரு மீன்பிடித் துறைமுகம். ஒரு பெண், அவளைத் தினமும் போட்டு அடிக்கும் சித்தப்பன், ஐஸ் உடைக்கிற வேலை செய்யும் ஒரு பையன். இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஆளை ஐஸ் கிடங்கில் வைத்துப் பூட்டத் திட்டம் போடுகிறார்கள். அந்தப் பெண் மூச்சுக்கு மூச்சு அந்தப் பையனை ஓப்பா என்கிறாள். முதலில் கூடப் பிறந்தவன் என்றுதான் நினைத்தேன். நல்ல பையன், தங்கைக்காக இவ்வளவு செய்கிறானே என்று உருகிப்போய் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் படகுக்குப் பின்னால் இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். ஓப்பா, ஓப்பா என்று அவன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு சொல்கிறாள். கீழே தமிழில் வரி வந்தது. மாமா.

வெள்ளை எழுத்தில், திரையின் அகலத்துக்கு. மாமா.

கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் சரியாகப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. என் வாயிலிருந்து போகிற வார்த்தையை எடுத்து, என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

வண்டியில் வரும்போது கேட்டேன். "அண்ணன்னு சொன்னீங்களே மாமா?"

"சொந்த அண்ணனையும் அப்படித்தான் கூப்புடுவாங்க. சில சமயம் மத்தவங்களையும் கூப்புடுவாங்க."

"அவ உங்களை எந்தச் சமயத்துல கூப்புடறா?"

சிக்னலில் பச்சை விழுந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். "படத்தைப் படமாப் பாக்கோணும்" என்றார்.

ஜூலை 8, திங்கள்

உப்புமாவில் உப்புப் போடவில்லை. அவர் முழுசாகத் தின்றுவிட்டுப் போனார். அவருக்கு அதுகூடத் தெரியவில்லை.

ஜூலை 11, வியாழன்

அடுப்படியில் இருந்தபடியே காதை மட்டும் அங்கே வைத்திருந்தேன். ஜப்பானியப் படம். இதற்கு இங்கிலீஷ் வரியை வைத்துக்கொண்டு தமிழ் எழுதுகிறார்கள். செத்துப்போன தையல்காரி பேயாக வந்து, தனக்கு ஆசை காட்டிக் கைவிட்ட முதலாளியிடம் என்னமோ சொல்ல வேண்டும். இரண்டு பேரும் அரை மணியாக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 'நீ எனக்குத் துரோகம் செய்தாய்' என்றார் இவர். 'என்னை நீ மறந்துவிட்டாய்' என்றாள் அவள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கரண்டியோடு போய், "அளவு எடுத்தியே, தைச்சியா? அப்படின்னு கேக்கச் சொல்லுங்க" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் அதைத் தட்டினாள்.

ஜூலை 14, ஞாயிறு

இப்படி ஒரு படத்தை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஸ்கூல் யூனிபார்ம் தைக்கும் கம்பெனி. அந்தத் தையல்காரிப் பேய் கட்டிங் டேபிளில் குடியிருக்கிறது. சூப்பர்வைசரின் கை போகிறது, மேனேஜரின் காது போகிறது, ரத்தம் போர்வெல் போட்ட இடத்தில் தண்ணீர் பீய்ச்சுவது மாதிரி மேலே போய் ட்யூப் லைட்டில் அடிக்கிறது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ஆனால் பின்வரிசையில் பூராவும் கட்டிங் செக்‌ஷன் ஆட்கள். முதல் கை போனதுமே, "ஸ்டீல் கிளவுஸ் போடாம துணி வெட்டற பேண்ட் நைஃப்ல கை வெப்பானா" என்று ஒருவர் சொன்னார். அதோடு கூடம் முழுக்கச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் பயமே இல்லை. மேனேஜர் காதுக்குக் கை தட்டினேன் என்றால் பாருங்கள்.

திரும்பிப் பார்த்தால் அறிஞர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ரத்தம் ஆகாது என்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. ஆகாத படத்தை யாருக்காகப் போடுகிறார் என்றும் யோசித்தேன். அவள் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

'அளவு எடுத்தியே, தைச்சியா?' வந்தபோது கூடம் அமைதியாகிவிட்டது. படம் முடிந்ததும் ஒருவர் அந்த வரியைச் சொல்லி அவளைப் பாராட்டினார். அவள் மைக்கை வாங்கி, "அது நான் எழுதலைங்க, வசந்தாமணி அக்கா சொன்னது" என்று என்னைக் கை காட்டினாள். எல்லோரும் திரும்பினார்கள். கைதட்டினார்கள்.

இவள் கெட்டவளாக இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும்.

ஜூலை 25, வியாழன்

கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். பட்டன் அட்டையின் பின்பக்கத்தில் குச்சியும் வட்டமுமாக எழுதிப் பழகியிருந்தார். கேட்டதற்குக் கொரியன் எழுத்து, சும்மா என்றார். மகள் எல்.கே.ஜி. படித்தபோது அ, ஆ சொல்லிக்கொடுக்க நேரமில்லை என்றவர்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தலைக்குச் சாயம் அடித்திருக்கிறார். காது மேலேயும் கொஞ்சம் பட்டிருந்தது. நான் சொல்லவில்லை. அப்படியே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

வரவில்லை. ஞாயிறு காலையில் வருவதாகச் சொல்லியிருக்கிறாளாம், முக்கியமான விஷயம் பேச வேண்டுமாம். அவர் மாலை முழுக்க லேப்டாப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். முக்கியமான விஷயம் என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அவர் வேறு காரணத்துக்கு, நான் வேறு காரணத்துக்கு.

அவள் ஏதாவது கேட்டு, இவர் சரி என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன். சேலத்துக்கா? அம்மா வீட்டுக்கா? அம்மா வீட்டில் இப்போது தம்பி பெண்டாட்டியின் ராஜ்யம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இவர் ஏழு மணிக்கே குளித்து, இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் தயார்.

அவள் தனியாக வரவில்லை. கூட ஒரு பையன். தாடி, தோள்பை, நல்ல உயரம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "டேய், பாத்துடா, படியில தண்ணி" என்றாள். அந்த டேய் ஒன்றே போதும், எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இவர் இன்னும் சிரித்துக்கொண்டேதான் நின்றார்.

செப்டம்பர் ஐந்தாம் தேதி கல்யாணமாம். பெங்களூரில் வேலை பார்க்கிற பையன். காலேஜிலிருந்தே பழக்கம். இரண்டு வீட்டிலும் இப்போதுதான் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் யாருக்கும் சொல்லவில்லை என்றாள். அப்புறம் இவரைக் காட்டி அந்தப் பையனிடம் சொன்னாள்.

"இவருதான்டா நான் சொன்ன எங்க அண்ணன்."

பத்திரிகையை வெற்றிலைத் தட்டில் வைத்து இரண்டு பேரும் எங்கள் காலில் விழுந்து எழுந்தார்கள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "எனக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்லீங்க அண்ணா. அண்ணன் முறைக்கு நீங்கதான் மேடையில நிக்கோணும். சீர் எல்லாம் வேண்டாம், நின்னாப் போதும்." என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, நீங்களும்."

அண்ணி. இரண்டு மாதமாக நான் காத்துக்கொண்டிருந்த வார்த்தை. காதில் விழுந்ததும் குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் நான் அப்போது அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

அவள் முதல் நாளிலிருந்து அண்ணா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். ஓப்பா என்றபோதும் அண்ணா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு அர்த்தம் சொன்னவர் இவர். தனக்கு மட்டும் வேறு அர்த்தம் வைத்துக்கொண்டவரும் இவர்.

"நிக்கறேன் சாமி, கண்டிப்பா நிக்கறேன்" என்றார். அவர்களுக்கு நல்ல கப்பில் டீ கொடுத்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

கடை திறக்கவில்லை. தலைவலி என்று படுத்திருக்கிறார். தட்டில் போட்ட சோறு அப்படியே காய்கிறது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல எரிகிறது. இத்தனை நாளும் அவள் இவரைப் பறித்துக்கொண்டு போய்விடுவாளோ என்று பொறாமைப்பட்டேன். அவளுக்கு இவர் வேண்டவே வேண்டாம். இன்றைக்கு எனக்கு இருக்கிற பொறாமை வேறு. என்னை நினைத்து ஒரு வேளையாவது இந்த மனிதருக்குச் சோறு இறங்காமல் இருந்திருக்குமா? எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்த அன்றுகூட ஆஸ்பத்திரி கேண்டீனில் மூன்று பரோட்டா தின்றுவிட்டு வந்து நன்றாக இருந்தது என்று சொன்னவர்.

சாயங்காலம் டீ குடிக்கக் கூப்பிடப் போனேன். மாமா என்று வரவில்லை. "ஏனுங்க, டீ" என்றேன். எழுந்து வந்து குடித்தார். வார்த்தை மாறியதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கண் தெரியாத ஜப்பானியத் தாத்தா ஒருவரின் படம். அமைதியாகப் போனது. அமைதியாக வந்தோம். ஏனுங்க, வண்டிக்குப் பெட்ரோல் இருக்குதுங்களா. இருக்குது.

செப்டம்பர் 5, வியாழன்

கல்யாணம். பட்டு வேட்டி, தலைப்பாகை. அண்ணன் இடத்தில் நின்றார். தாலி ஏறும்போது அட்சதையை முதலில் போட்டவர் அவர்தான். பந்தியில் இலை இலையாகப் போய், இன்னொரு கரண்டி பாயசம் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த மாதிரி ஒரு மனுஷர் கிடைக்க நீங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். ஆமாங்க என்றேன்.

தலைப்பாகையைக் கழற்றியபோது பார்த்தேன், சாயம் போய் அடியில் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமும் கோபமும் ஒன்றாக வரும் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

செப்டம்பர் 12, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் படம். கொரியப் படம், வரி எழுத ஆள் இல்லை. "நீ வந்து கொஞ்சம் உக்கார்றியா" என்றார். என்னைக் கேட்டார். ரசம் ஊற்றச் சொல்லவில்லை.

உட்கார்ந்தேன். அவர் இங்கிலீஷைப் படித்து அர்த்தம் சொன்னார், நான் தமிழ் சொன்னேன், அவர் தட்டினார். நடுத்தர வயதுப் புருஷன் பெண்டாட்டி. பஸ் ஸ்டாண்டில் டீக்கடை. புருஷனுக்கு மறதி நோய். ஒரு நாள் அவன் தொலைந்து போகிறான். பெண்டாட்டி ஊர் ஊராகத் தேடி, கடைசியில் ஒரு பாலத்தில் நிற்பவனைப் பார்த்துக் கத்துகிறாள். காதலித்த காலத்தில் கூப்பிட்ட மாதிரி.

ஓப்பா.

அவர் படத்தை நிறுத்தினார். "இதுக்கு என்ன போடறது?"

"அண்ணான்னு போடுங்க" என்றேன்.

"அது சரியா வராது. புருஷன் பொண்டாட்டி."

"அர்த்தம் அதுதானுங்களே. நீங்கதான் சொன்னீங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு எல்லாம் தெரியும் என்பது அந்த நிமிஷம் அவருக்குத் தெரிந்துவிட்டது. அண்ணா என்று தட்டினார். ஒவ்வொரு எழுத்தாக.

ஞாயிற்றுக்கிழமை கூடம் முழுக்கச் சிரிக்கட்டும். மைக்கில் என்ன பதில் சொல்கிறார் பார்க்கிறேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கூடம் நிறைந்திருந்தது. கட்டிங் மாஸ்டர்கள்கூட மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தார்கள். பாலம் வந்தது. டீக்கடைக்காரி ஓடினாள். சிரித்துவிடுவார்களே, இவ்வளவு நல்ல இடத்தைக் கெடுத்துவிட்டேனே என்று இருந்தது எனக்கு. அவர் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ரத்தமே இல்லாத படத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஓப்பா என்று கத்தினாள். கீழே வரி வந்தது.

மாமா.

ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குத் தெரியாமல் மாற்றியிருக்கிறார். எனக்குச் சட்டென்று அழுகை வந்தது. உடனே இன்னொன்றும் வந்தது. அதை மாற்றும்போது அவர் காதில் கேட்டது யாருடைய குரல்? கேட்டால் உன்னுடையதுதான் என்பார். அதை நம்பவும் முடியாது. அதனால் கேட்கவில்லை. கேட்கவும் போவதில்லை.

படத்துக்குப் பிறகு மைக்கைப் பிடித்து, தமிழ் வரிகள் என் மனைவி வசந்தாமணி என்றார். அவ்வளவுதான் பேசினார். நாற்காலிகளை அடுக்கிவிட்டுக் கிளம்பினோம்.

பழைய பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் புதிதாக ஒரு ஸ்பீடு பிரேக்கர் போட்டிருக்கிறார்கள். இருட்டில் பார்க்காமல் வேகமாக ஏற்றினார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "மாமா, மெதுவாப் போங்க" என்று சொல்லிவிட்டேன்.

வண்டியை மெதுவாக்கினார். கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். ரோட்டைப் பாருங்கள் என்றேன்.

பழக்க தோஷம். வேறொன்றும் இல்லை.